சுடவில்லை என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

இங்கே நாங்கள் சுகம், அங்கே நீங்கள் சுகமா என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு காகிதமும். திருவிழா முடிந்து நீ கொழும்புக்குப் போன மறுநாள் தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்தாய். கடைக்காரர் லயத்து வீடுகள் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். நான் கக்கத்துக் கட்டையை ஊன்றிப் படியிறங்கி வந்து போனை வாங்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, காலப் பாத்தேன், ஒரு கொப்புளம்கூட இல்ல. தீ மிதிக்கிறப்பவும் சுடவே இல்லப்பா. ஒங்களுக்கு மாதிரியே எனக்கும் சுடல." கடையில் சனம் நின்றது. "சரி தம்பி, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல. நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் மகனிடம் சொல்கிற பேச்சா அது. அதனால்தான் எழுதுகிறேன். இதை மறைத்து வைத்து வாசிக்க வேண்டாம். மருமகளையும் உட்கார வைத்துச் சத்தமாகவே வாசி. அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். உனக்குச் சீனி வியாதி இருக்கிறது என்று போன வருசம் முதலாளி எடுக்கச் சொன்ன மெடிக்கலில் சொன்னார்கள். நீ அம்மாவிடம் மட்டும் சொல்லி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாய். அவள் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள். இத்தனை வருசம் அவளோடு இருந்துவிட்டு, அவள் வாயில் ஒன்றும் தங்காது என்று உனக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். கொடுத்த மருந்துக் குளிசை முடிந்த பிறகு நீ கிளினிக் பக்கமே போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சீனி இருக்கிற மனிதன், மருந்தை விட்ட மனிதன், நெருப்பில் நடந்துவிட்டு எனக்குச் சுடவே இல்லை என்கிறான். கேட்கிறவர்களுக்கு அது சந்தோசமான சேதி. எனக்கு அப்படி இல்லையடா. இந்தக் கடிதம் கிடைத்த கிழமையே நீ ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு காலையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கு.

என் சீனியை முதலில் கண்டுபிடித்தது எறும்புதான். லயத்துக்குப் பின்னால் தண்ணிக் கானில் நான் ஒன்றுக்குப் போன இடத்தில் மட்டும் எறும்பு மொய்க்கிறது என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்போது நீ மஸ்கெலியாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எனக்கு எந்நேரமும் தாகம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போனால் மலையிலிருந்து நாலு தடவை இறங்கி ஓடையில் தண்ணீர் குடிப்பேன். அதற்கு நாங்கள் கண்ட வைத்தியம் தேத்தண்ணி. கை நிறையச் சீனியை வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடித்தால் அரை மணி நேரம் தெம்பு வரும். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாதான் ஒருநாள் பார்த்துவிட்டு, "இது சீனி வியாதி, டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாசாமாசம் போகணும்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். கிளினிக் புதன்கிழமை. புதன்கிழமை போனால் அன்றைக்குப் பேர் இல்லை, நாள் சம்பளம் விழாது. பேர் குறைந்தால் மாசக் கடைசியில் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, சாப்பிடாமல் காத்திருந்து, டாக்டர் சிங்களத்தில் கேட்பதற்குத் தலையை ஆட்டி, திரும்பி வந்தால் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவையே அலுத்துவிட்டது.

பிறகு நாங்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். நம் லயத்தில் சீனிக்காரர், பிரஷர்காரர் என்று நிறையப் பேர் இருந்தோம். வேலைக்குப் போகாத யாராவது ஒருத்தர், பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறவளோ, காய்ச்சல் கண்டு நிற்கிறவரோ, எல்லோருடைய கார்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்து மட்டும் வாங்கி வருவார். "அவருக்கு வர ஏலாது, வேலைக்குப் போயிட்டாரு" என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள், பாவம், அவர்களுக்கும் சனம் தாங்கவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து குளிசையைப் பிரித்துக்கொள்வோம். யாருக்காவது முடிந்துபோனால் இன்னொருத்தருடையதில் நாலைந்து கடன். ஒற்றுமையான லயம் என்று அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. வருசக்கணக்காக என் பெயருக்கு மருந்து வந்தது, என் உடம்பை ஒருத்தரும் பார்க்கவில்லை. கை, கால், கண் எதையும் தொட்டுப் பார்க்காமல் எனக்கு வைத்தியம் நடந்தது. அட்டை கடித்து வழிகிற இரத்தத்தைக்கூட நான் கண்ணால் கண்ட பிறகுதான் துடைப்பேன். கடித்தது தெரியாது. காலில் செருப்பில்லாமல் மலையேறிப் பழகிய தோல், தடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நெருப்புக்கு வருகிறேன். நான் முதல்முதலில் பூக்குழி இறங்கியது உனக்காகத்தான். உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பிழைத்து வந்தால் வருசா வருசம் மிதிக்கிறேன் என்று மாரியம்மாவிடம் சொன்னேன். அப்போதெல்லாம் சுட்டது, தம்பி. நன்றாகவே சுட்டது. பழைய தேயிலை வேரையும் சவுக்குக் கட்டையையும் காலையிலிருந்து எரித்துத் தட்டிப் பரப்பியிருப்பார்கள். முதல் அடியிலேயே உயிர் உச்சிக்குப் போகும். ஓட்டமாக ஓடி அந்தப் பக்கம் பால் குழியில் காலை வைத்தால்தான் மூச்சு வரும். சுட்டதை வெளியில் சொல்லக்கூடாது. கொப்புளம் வந்தால் விரதத்தில் குற்றம் என்பார்கள். அதனால் நொண்டாமல் நடந்து வந்து இஸ்தோப்பில் விழுவேன், உன் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவாள். அப்படியே ஒன்பது பத்து வருசம் போயிற்று. பிறகு ஒரு திருவிழாவில் இறங்கினேன், சுடவில்லை.

அந்த நாளை என்னால் மறக்க முடியாது, மறக்க நினைத்தாலும் முடியாது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், மெத்தையில் நடக்கிற மாதிரி இருந்தது. ஓட வேண்டிய அவசியமே இல்லாமல், மெதுவாக, கைகூப்பிக்கொண்டு நடந்தேன். பால் குழியைத் தாண்டிப் போய்த் திரும்பி நின்று பார்த்தேன். உடுக்கை அடிக்கிறவர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பூசாரி என் காலில் விழுந்தார். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் யார், கவ்வாத்து வெட்டுகிற கூலி. வேலை பார்க்க வருகிற கண்டாக்கையாவிடம் ஏச்சு வாங்கி, கள்ளுத் தவறணையில் கடன் சொல்லி, பேர் விழுந்ததா இல்லையா என்று பார்த்துப் பார்த்தே முடி நரைத்த மனிதன். என்னைப் போய் ஆத்தா தொட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருசத்திலிருந்து முதல் மிதி எனக்கென்று ஆயிற்று. கரகத்துக்குப் பின்னால் நான்தான் முதலில் இறங்க வேண்டும். பெண்கள் குடத்தோடு வந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வருசம் என்னோடு இறங்கிய கருப்பையாவுக்குக் கால் வெந்து தோல் உரிந்தது. "விரதத்துல தண்ணி போட்டிருப்பான்" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னது நான்தான். பாவம் அந்த மனுசன், தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் குடிக்கவில்லை. கால் நல்ல கால், அதனால் சுட்டது. இன்றைக்கும் அவர் இரண்டு காலோடு மலையேறிப் போகிறார், என்னைக் கண்டால் நின்று சுகம் விசாரிக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. காப்புக் கட்டினால் குளிசை போடக்கூடாது என்று நாங்களே ஒரு சட்டம் வைத்திருந்தோம். அதில் மாட்டுக் கொழுப்புக் கலந்திருக்கிறது என்று யாரோ சொல்லி, அது லயம் லயமாகப் பரவிவிட்டது. விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு, சீனித் தேத்தண்ணி கிடையாது, ரொட்டி கிடையாது. குளிசை இல்லாமலேயே உடம்பு லேசாகத்தான் இருக்கும். பார்த்தாயா, ஆத்தா எடுத்துக்கொண்டாள் வியாதியை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "வியாதிய எடுத்துக்கிட்டா சந்தோசந்தான். குளிசையும் ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம்பிக்கை இல்லாதவள் என்று ஏசினேன். திருவிழா முடிந்து மறுபடி ரொட்டி, தேத்தண்ணி எல்லாம் வந்தது, குளிசை மட்டும் வரவில்லை. கார்டுப் பையில் என் கார்டைப் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

கடைசி வருசம் மிதித்துவிட்டு வந்து நாலாம் நாள், உன் அம்மா காம்பராவைக் கூட்டும்போது தரையில் கறை பார்த்தாள். யார் காலில் காயம் என்று உன்னைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள். என் அடிக்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கரித்துண்டு உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் நான் நாலு நாளும் மலையேறி இறங்கியிருக்கிறேன். அவள் கொண்டை ஊசியால் தோண்டி எடுத்தாள், நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். "வலிக்கலையா" என்றாள். "வலிக்கல, ஒன்னும் இல்ல, கத்தாத" என்றேன். டிஸ்பென்சரிக்குப் போவோம் என்று கெஞ்சினாள். டிஸ்பென்சரி எங்கே இருக்கிறது, பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில். காலையில் பேர் கொடுத்து வேலை வாங்க அவ்வளவு சனமும் நிற்கிற இடம். முதல் மிதிக்காரன் வெந்த காலைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்பதா. கருப்பையாவை நான் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பி வரும். புகையிலையை மென்று வைத்துத் துணியைச் சுற்றி, அந்தத் துணியையும் மறைக்க தேயிலை ஸ்டோரில் யாரோ போட்ட பழைய பூட்சை வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மழை, சேறு, உரம் எல்லாம் அதற்குள்தான். வலித்திருந்தால் போயிருப்பேன், தம்பி. மானத்தை விட்டுவிட்டு அலறிக்கொண்டே போயிருப்பேன். வலிக்கவில்லையே.

நாற்றம் வந்த பிறகுதான் உன் அம்மா என் பேச்சைக் கேட்காமல் தோட்டத்து லொறிக்காரரிடம் அழுது, என்னை ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர், சிங்களப் பிள்ளை. நமக்காகத் தமிழ் பேசப் பார்த்தாள். புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. புண் இல்லாத மற்றக் காலையும் நீட்டச் சொன்னாள். "ஐயா, கண் மூடுங்க. நான் குச்சி வச்சி தொடுறது. தொட்டா சொல்லுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை வந்துவிட்டது போல என்று நினைத்து, "எப்பம்மா தொடப் போறீங்க" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் அவள் குச்சியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "தொட்டு முடிஞ்சி, ஐயா" என்றாள் அந்த டாக்டர். "ரெண்டு காலும் முடிஞ்சி." சீனி கூடிக் கூடி நரம்பெல்லாம் செத்துவிட்டது, அது ஒரு நாளில் நடந்ததில்லை, நாலைந்து வருசத்துக் கதை என்று ஆள் வைத்து விளக்கிச் சொன்னாள். நாலைந்து வருசம் என்றதும் எனக்குத் தலைக்குள் என்னவோ ஆயிற்று. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நான் மெத்தையில் நடந்த வருசம் அது.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். கண்டிக்கு அனுப்பினார்கள். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. நீ சோதனை எழுதாமல் புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போனாய். அப்போது உனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பஸ் ஏறும்போது நீ என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாய், நானும்தான். இதையெல்லாம் சொல்லி உன்னை நோகடிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் ஊருக்கும் உனக்கும் நான் என்ன சொன்னேன்? கரித்துண்டு குத்திவிட்டது, விசம் ஏறிவிட்டது என்றுதான் சொன்னேன். சுடாமல் இருந்தது ஏன் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. கால் போனது போகட்டும், அந்த ஒரு பெருமையாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒற்றைக்காலோடு கோயிலுக்குப் போனாலும் பூசாரி எனக்கு முதல் விபூதி தருவார். அது வேண்டியிருந்தது. நீயும் அதை நம்பியே வளர்ந்துவிட்டாய். என் கால் அருளால் சுடாத கால் என்று நம்பித்தான், உன் காலும் சுடவில்லை என்றதும் சிரித்துக்கொண்டு போன் எடுத்தாய்.

இந்தத் திருவிழாவில் என்னைக் கதிரை போட்டுப் பூக்குழிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பையன்களெல்லாம் ஓடினார்கள். நீ நடந்தாய். மெதுவாக, கைகூப்பிக்கொண்டு. என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உன் மகள் "அப்பா, அப்பா" என்று கையைத் தட்டினாள். ஓடுடா, ஓடுடா என்று மனசுக்குள் கத்தினேன். அதற்கு முதல்நாள் நீ லயத்துப் படியில் செருப்பு ஒன்று கழன்றது தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்து போனதையும் பார்த்திருந்தேன். உன் அம்மாவும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. கமிட்டிக்காரர்கள் வந்து, அடுத்த வருசம் உனக்குத்தான் முதல் மிதி என்று என் கையைப் பிடித்தபோது நான் சிரித்தேன். கிழட்டு முட்டாள், சிரித்தேன்.

ஒருவேளை உனக்கு உண்மையிலேயே ஆத்தா அருள்தானோ என்னவோ. இல்லை என்று சொல்ல நான் யார். உனக்கு மூன்று வயதில் உயிர் கொடுத்தவள் அவள்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அருளா சீனியா என்று காலுக்குத் தெரியாது. அதை டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அருள் என்று சொன்னால் நான் தேங்காய் உடைக்கிறேன். நீ போகும்போது வேறு யாரையும் அனுப்பி மருந்து வாங்காதே, நீயே போ. போவதற்கு இரண்டு நாள் முன்னால் சாப்பாட்டைக் குறைத்துச் சீனியை இறக்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் நல்ல பிள்ளைப் பெயர் வாங்கப் பார்க்காதே. அதையும் நாங்கள் செய்திருக்கிறோம், டாக்டர் ஏசக்கூடாதென்று. முதலாளி லீவு தரமாட்டார் என்பாய். தரமாட்டார்தான், எந்த முதலாளி தந்தார். என் காலையும் உன் காலையும் பற்றிச் சொல்லிக் கேள், தராவிட்டால் கேட்காமல் போ. அடிக்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாயா, மேலே மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாயா. மருமகளே, நீ பார். தினமும் அவன் காலைக் கையில் எடுத்துப் பார். வெட்கப்பட்டுக் காலை இழுப்பான், விடாதே. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல். சுடுதண்ணியில் கால் வைக்க விடாதே, நீ முதலில் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கொடு.

இதை நீ வாசிக்கும்போது இன்னொரு சேதியும் உனக்கு வந்திருக்கும், அதை என் வாயாலேயே சொல்கிறேன். போன ஞாயிறு திருவிழாக் கணக்குப் பார்க்கக் கோயிலில் கூட்டம். முதல் மிதிப் பேச்சு வந்தது. நான் கட்டையை ஊன்றி எழும்பினேன். "என் மகன எறக்காதீங்க. அவனுக்குச் சீனி இருக்கு. எனக்கு அன்னைக்குச் சுடாமப் போனதும் சீனியாலதான். அது செத்த காலு. டாக்டர் சொல்லியே வருசமாச்சு, நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்" என்றேன். பூசாரி முகம் கறுத்துவிட்டது. பிறகு ஒரு பெண், "அப்ப இத்தன வருசமா ஒங்க காலுல நாங்க ஊத்துன மஞ்சத்தண்ணி என்னாத்துக்கு" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "அது ஆத்தாளுக்கு ஊத்துனது தாயி. காலு அது பாட்டுக்கு அழுகிப் போச்சு" என்றேன். சில பேர் என்னை ஏசிக்கொண்டே எழும்பிப் போனார்கள். உனக்கும் கோபம் வரும். ஊர் முன்னால் உன் வியாதியைச் சொல்லிவிட்டேன், உனக்கு வர இருந்த மரியாதையை நானே கெடுத்துவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, நான் தாங்கிக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. மேட்டு லயத்து வேலு. கவ்வாத்துக்காரன், உன்னை விட இளையவன், மூன்று பிள்ளைக்காரன், இந்த வருசமும் மிதித்தவன். என்னைத் தாண்டிப் போகாமல் கூடவே வந்தான். லயத்துப் படிக்கு வந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, எனக்கும் ரெண்டு வருசமா சுடல" என்றான். பிறகு, "கிளினிக்கு புதன்கிழமதானே" என்று கேட்டான். நேற்று அவனும் நானும் போய் வந்தோம். அவனுக்கு ஒரு பேர் போயிற்று. காலுக்கு மருந்து எழுதியிருக்கிறார்கள், காயம் இருந்தது, அவனுக்கே தெரியாமல். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னார். ஊரான் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போய்விட்டேன், என் பிள்ளை கொழும்பில் இருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போக என்னால் வர முடியாது.

களைத்துப்போனேன், தம்பி. இவ்வளவு எழுதி எனக்குப் பழக்கமில்லை. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை உன் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். இத்தனை வருசம் நின்ற இடத்தில்தான் நின்றேன், பூசாரி என்னைப் பார்க்காத மாதிரி விபூதித் தட்டை அந்தப் பக்கம் கொண்டுபோனார். நான் வாய்விட்டே கேட்டேன்: "ஆத்தா, என் மகனுக்குச் சுடட்டும். டாக்டர் குச்சிய வச்ச ஒடனே அவன் கால இழுக்கட்டும். அலறட்டும்." உன் அம்மா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு வேண்டுதலா என்று அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு அவளும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, அதையே கேட்டாள்.

அப்பா